இரண்டு நிமிடப் படகு

அவருடைய ஐந்தாம் சிம்பொனியில்
எனக்கு ஒரே ஒரு அடி.
நாற்பத்தோரு நிமிடம் கொக்கு மாதிரி நின்று
டிரையாங்கிளை ஒருமுறை தொட்டுவிட்டு
வீட்டுக்குப் போகலாம்.
சம்பளத்தை அடிகளால் வகுத்துப் பார்த்து
பாஸூன்காரி தூலிக்கி சொல்வாள்:
துர்க்கு நகரத்திலேயே விலை உயர்ந்த சத்தம்
உன்னுடையதுதான்.

இந்த ஜனவரியில் கதை வேறு.
ஈல்மரி வெஹ்மாஸ், எண்பத்து மூன்று வயது,
ஏழு சிம்பொனி, ஒரு இரங்கல் இசை,
சிரித்த புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது.
அவர் வேறு பெயரில் வானொலிக்கு எழுதிய
சில்லறை உருப்படிகள் பதினான்கு,
இப்போது ஆல்பமாக வருகின்றன.
வானிலை அறிக்கைக்கு முன்னால் நாற்பது நொடி,
சமையல் நிகழ்ச்சிக்கு ஒரு போல்கா,
பேருந்து நேர அட்டவணைக்கு ஒரு வால்ட்ஸ்.
வாடகைக்காக எழுதினேன் என்றாராம்,
கடன்காரனை அறிமுகப்படுத்தும் குரலில்.

எனக்கோ கை ஓயவில்லை.
சைக்கிள் மணி, உப்புத்தாள் கட்டை, சவுக்கு,
குயில் விசில், பனிவண்டிச் சலங்கை.
சந்தையில் கடை விரித்தவள் போல நின்றேன்.

வெப்பக் குழாய்களை அணைத்துவிட்டார்கள்;
சூடேறினால் முனகும், மைக்குக்குக் கேட்கும்.
எல்லோரும் கம்பளிக் காலுறையில்.
ஷூக்கள் சுவரோரம் வரிசையாக
இன்னொரு இசைக்குழு போல.
கண்ணாடிக்கு அப்பால் ரெய்யோ சிவப்பு விளக்கைப் போடுவான்.
யாரோ தும்முவார். மறுபடி.
லேசான இசை வாசிப்பது லேசில்லை.
கனத்த இசையில் பிசகினால்
துயரம் என்று எடுத்துக்கொள்வார்கள்.
இதில் பிசகினால் பிசகுதான்.

இரண்டாம் நாள் அவரே வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை.
யாரோ மறந்துவிட்டுப் போன குடை போல
கடைசி வரிசையில் சாய்ந்திருந்தார்.

ஒன்பதாம் உருப்படி: இரண்டு நிமிடப் படகு.
ஆவுரா ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும்
காசு வாங்காமல் போய்வருமே,
அந்த ஆரஞ்சு நிறப் படகுக்காக எழுதியது.
நீளமும் அவ்வளவே.
புறப்பட ஒரு மணி, சேர ஒரு மணி,
இரண்டும் என் டிரையாங்கிள்.
நடுவில் கிளாரினெட் ஒரு மெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடும்.

மூன்றாம் டேக்கில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
இந்த மெட்டோடு கால் கடுக்க நின்றிருக்கிறேன்,
எத்தனையோ இரவு.
ஐந்தாம் சிம்பொனி, மூன்றாம் பகுதி.
மனைவி இறந்த வருடம் எழுதியது என்று
நிகழ்ச்சிக் குறிப்பில் தவறாமல் அச்சிடுவார்கள்.
செல்லோக்கள் அதை ஆற்றடியிலிருந்து
நங்கூரச் சங்கிலி போல இழுக்கும்.
முன்வரிசையில் கைக்குட்டைகள் விரியும்.
அதே சுரங்கள், அதே வரிசை.
இங்கே அதற்கு இருபது வயது,
படகு போய்விடப் போகிறது.

காபி இடைவேளையில் போய்க் கேட்டேன்:
அழுகையையா வாடகைக்கு விட்டீர்கள்?
இல்லை, அப்படிக் கேட்க எனக்கு ஏது தைரியம்.
எது முதலில், என்றுதான் கேட்டேன்.
இலவங்கப்பட்டை ரொட்டியைச் சுருள் சுருளாகப்
பிரித்துக்கொண்டிருந்தார்.
உள்சுருளை எட்டும்வரை பதில் இல்லை.
"படகு" என்றார்.
விரலில் ஒட்டிய சர்க்கரையைப் பார்த்தபடி,
"அவள் தினமும் கடைசி ஆளாக ஓடி வருவாள்.
கயிற்றை அவிழ்த்த பிறகுதான் வருவாள்."

நான்காம் டேக்.
புறப்படும் மணியைச் சரியாக அடித்தேன்.
சேரும் மணியில் கை அரை நொடி பிந்தியது.
ஒலிபெருக்கியில் ரெய்யோ: தாமதம், இன்னொரு முறை.
கடைசி வரிசையிலிருந்து கோட்டு பேசியது:
"படகென்றால் தாமதமாகும். இருக்கட்டும்."
அப்படியே இருக்கிறது. ஆல்பத்தில் கேட்கலாம்.

அட்டையில் அவருடைய சொந்தப் பெயர்.
கடையில் கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு போட்டு வைத்திருக்கிறார்கள்,
பாதி விலைக்கு.

மார்ச்சில் மறுபடி ஐந்தாம் சிம்பொனி.
மூன்றாம் பகுதி. செல்லோக்கள் இழுக்கின்றன.
கொக்கு நிற்கிறது.
ஷூவுக்குள் கால்விரல் மட்டும்
நான்கு மடங்கு வேகத்தில் படியிறங்கி ஓடுகிறது.
தூலிக்கி அதைப் பார்த்துவிட்டாள்.
உதட்டைக் கடிக்கிறாள், பாவம்.
சிரித்தால் பாஸூன் ஊத முடியாது;
அவளுக்கு இன்னும் ஆறு சுரம் பாக்கி.